லம்பா லைனில் ஒரு பங்குக் கணக்கு

இரயில் இல்லாத ஊருக்கு இரயில்வே எழுத்தர் ஒருவர் விடுமுறைக்குச் சென்றால் என்ன செய்வார்? தண்டவாள ஓசை கேளாமல் இரண்டு நாள் உறங்குவார். மூன்றாம் நாள் யாராவது ஒரு கணக்கை அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். சென்ற தை மாதம் அந்தமான் சென்றிருந்தபோது நமக்கு நேர்ந்தது அதுவே.

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடல் வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் அறுபது மணி நேரம் செல்கிறது. முதல் நாள் தலைசுற்றல். இரண்டாம் நாள் பசி. மூன்றாம் நாள் கரை. நாம் பள்ளியில் படித்த நாளில் போர்ட் பிளேயர் என்று வழங்கிய நகருக்கு 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்பது பெயர். ஆயினும் கப்பலில் வந்த தமிழர் எவரும் பழைய பெயரை விட்டபாடில்லை. ஹேடோ துறையில் இறங்கியதும் அத்தான் வந்து அழைத்துக்கொண்டார்.

நம் தமக்கையார் வாழ்க்கைப்பட்டிருப்பது லம்பா லைனில். ‘லம்பா’ என்றால் இந்தியில் நீளம். ‘லைன்’ என்றால் வரிசை. இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டப் பகுதிகளில் வாழ்ந்த தமிழருக்கு ‘லயம்’ என்னும் சொல் தெரியும். அச்சொல்லின் உறவுதான் இந்த ‘லைன்’. இன்று இங்கே கட்டை வீடுகளும் உண்டு, மாடி வீடுகளும் உண்டு. சிறிது தொலைவில் விமான நிலையம். சங்கின் வடிவை நினைவூட்டும் அதன் புதிய கட்டடம் 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதம் திறக்கப்பட்டது. வானூர்தி இறங்கும்போது கூரை ஓட்டைத் தொட்டுவிடுமோ என்று நாம் குனிந்தோம். மருமகள் சிரித்தாள். “மாமா, உங்கள் ஊரில் இரயில் வந்தால் குனிவீர்களா?” என்று கேட்டாள்.

தெருவில் தமிழ், வங்காளி, தெலுங்கு, மலையாளம் ஆகிய எல்லாம் பேசுகிறார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாதபோது இந்தி வந்து நடுவில் நிற்கிறது. அடுத்த வீட்டு வங்காளி அம்மையார் நம் தமக்கையாரிடம் இரசம் வைக்கக் கற்றவர். பங்குனி உத்திரத்துக்கு வெற்றிமலை முருகன் கோயிலில் தெருவே கூடுமாம். தைத் திங்களில் ஐந்தரை மணிக்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. ஆகையால் இரவு உணவுக்கு முன் பேசுவதற்கு நிறைய நேரம் கிடைக்கிறது. அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் அத்தான் அந்தத் தாளை எடுத்து வந்தார்.

அஃது ஓர் அழகிய துண்டறிக்கை. அத்தானுடன் படித்த நண்பர் ஒருவர் பெங்களூரை அடுத்த ஓரிடத்தில் சிறிய பீர் ஆலை தொடங்க எண்ணியிருக்கிறார். பெங்களூரில் 2010-ஆம் ஆண்டுக்குப் பின் இத்தகைய சிற்றாலைகள் பல தோன்றியுள்ளன. உணவகத்தின் உள்ளேயே செப்பு நிறக் கலங்களை வைத்துக் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுப்பார்கள். நண்பரின் அறிக்கை, “நம் ஊர்ப் பீர், நம் மக்கள் முதலீடு” என்று தொடங்கியது. பங்கு ஒன்று பத்தாயிரம் ரூபாய். பங்குதாரர்க்கு விலையில் தள்ளுபடி. சுவரில் பெயர்ப் பலகை. ஆண்டுக்கு நூற்றுக்கு இருபது இலாபம் ‘எதிர்பார்க்கப்படுகிறது’. வெளிநாடுகளில் ஊர் மக்களே பணம் போட்டுப் பீர் ஆலைகளை வளர்த்த கதைகளும் அதில் இருந்தன.

“மாப்பிள்ளை, நீங்கள் கணக்குத் தெரிந்தவர். இதைச் சற்றுப் பாருங்கள். இரண்டு லட்சம் போடலாம் என்று இருக்கிறேன்” என்றார் அத்தான்.

தமக்கையார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நின்றது. அந்த இரண்டு லட்சம் எந்தப் பணம் என்று நமக்கும் தெரியும். மருமகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் செவிலியர் படிப்புக்குத் தாயகம் செல்ல வேண்டும். அதற்காக ஏழு ஆண்டுகளாகச் சேர்த்த பணம் அது.

“தம்பி பார்க்கட்டும். பார்த்து அவருக்கு மட்டும் சொல்லாமல் எனக்கும் சொல்லட்டும்” என்றார் தமக்கையார்.

நாம் மெட்ரிக் அளவே படித்தவர். ஆயினும் பற்று எது, வரவு எது என்று பிரித்து எழுதுவது நம் தொழில். நண்பரின் அறிக்கையை இரண்டு இரவுகள் படித்தோம். அதில் கூறப்பட்ட கதைகளையும், கூறப்படாத கதைகளையும் எண்ணிப் பார்த்தோம். அன்றிரவு வீட்டுத் திண்ணையில் நாம் சொன்னவற்றை ஈண்டு எழுதுகிறோம். கடல் கடந்து வாழும் குடும்பங்கள் பலவற்றின் கதவையும் இத்தகைய அறிக்கைகள் தட்டுகின்றன அல்லவா?

முதலில் நம் வீட்டுக் கதை. நம் தந்தையார் உடன்குடிப் பக்கத்துப் பனையேறி. மாசி முதல் ஆடி வரை நாள்தோறும் காலையும் மாலையும் மரமேறுவார். பாளையை இடுக்கியால் நெரித்து, அரிவாளால் மெல்லச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் காலையில் கிடைப்பது பதனீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் பொங்கிப் புளித்துக் கள்ளாகிவிடும். மரமும் ஒன்று, பாளையும் ஒன்று, உழைப்பும் ஒன்று. ஒரு விரல் சுண்ணாம்புதான் வேறுபாடு. பதனீரை விடிலியில் தாயார் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தபோது, அதைக் காணத் தாயார் இல்லையே என்று வருந்தினோம்.

நம் பெரியப்பா சுண்ணாம்பு தடவாதவர். தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டு கள்ளுக்கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. கடைகளை ஏலத்தில் எடுத்தவர் குத்தகைக்காரர். பனையேறிக்கு அவர் முன்பணம் கொடுப்பார். கள்ளை அவரே அளந்து எடுப்பார். விலையும் அவரே வைப்பார். பெரியப்பா இறக்கிய கள்ளில் ஒரு பகுதி அவர் வயிற்றுக்கே போயிற்று. முன்பணத்துக்காகப் பனைவிளை அடகுக்குப் போயிற்று. 1987-இல் கள் மீண்டும் தடை செய்யப்பட்டபோது கடையும் இல்லை; விளையும் இல்லை. இஃது நாம் பிறக்கும் முன் நடந்தது. ஆயினும் வீட்டில் பணம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இக்கதையும் எழும். தமக்கையாரின் முறம் நின்றதன் காரணம் இதுதான்.

அடுத்தது நம் துறையின் கதை. திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாகத் திசையன்விளை வரை ஒரு காலத்தில் சிற்றிரயில் ஓடியது. 1915-ஆம் ஆண்டையொட்டி அதை அமைத்தது பாரி நிறுவனத்தைச் சேர்ந்த கிழக்கிந்திய வடிசாலை மற்றும் சர்க்கரை ஆலைக் கம்பெனி. பனங்கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை ஒன்று குலசேகரன்பட்டினத்தில் இருந்தது. அந்த ஆலைக்காகவே பாதை. பனையேறிகள் கருப்பட்டி கொடுத்தார்கள். சிறிய வண்டி அதைச் சுமந்தது. ஆலை நின்றது, 1940-ஆம் ஆண்டில் இரயிலும் நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. பாதை நெடுக இருந்த பனையேறிகளுள் ஒருவராவது அந்த ஆலையை நடத்துவதா நிறுத்துவதா என்று கேட்கப்பட்டதாக நம் ஊர் முதியவர் எவரும் சொன்னதில்லை. ஊரின் சரக்கு, ஊரின் உழைப்பு. முடிவு மட்டும் வேறிடத்தில்.

பீர் ஆலைகளும் அவ்வாறே நம் நாட்டில் வளர்ந்தன. நீலகிரியில் காஸில் என்னும் பீர் ஆலை 1857-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. 1885-இல் நீலகிரி ஆலையும் பெங்களூர் ஆலையும் எழுந்தன. தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்திய ஆலைகள் ஐந்தை ஒன்றாக்கி, 1915-ஆம் ஆண்டு யுனைடெட் புரூவரீஸ் கம்பெனியை அமைத்தார். பீப்பாய்களில் அடைத்த பீர் மாட்டு வண்டிகளில் சென்றது. குடித்தவர் வெள்ளைக்காரப் படையினர். விட்டல் மல்லையா அக்கம்பெனியின் முதல் இந்திய இயக்குநரானது 1947-இல். அதாவது தொண்ணூறு ஆண்டுகள் நம் மலையில், நம் நீரில் பீர் காய்ச்சப்பட்டது. வண்டியும் நம் மாடுகளே இழுத்தன. அவ்வாலைகள் ஊரில் இருந்தன, ஊருடையனவாக இருந்ததில்லை.

“அதைத்தானே நண்பர் மாற்ற வேண்டும் என்கிறார்? ஊரே பணம் போட்டால் ஊருடையதாகிவிடும் அல்லவா?” என்று அத்தான் கேட்டார்.

நல்ல கேள்வி. ஊருடைய பீர் ஆலை என்பது கற்பனை அன்று. உண்மையில் இருக்கிறது, அதுவும் அறுநூறு ஆண்டுகளாக. ஜெர்மனி நாட்டில் பவேரியா மாநிலத்தின் கிழக்கே ஓபர்ப்ஃபால்ட்ஸ் என்னும் பகுதி. அங்கே நோய்ஹவுஸ், விண்டிஷெஷன்பாக், ஃபால்கன்பெர்க், மிட்டர்டைக், எஸ்லார்ன் என்னும் ஐந்து சிற்றூர்களில் பொதுக் காய்ச்சுசாலைகள் உள்ளன. நோய்ஹவுஸ் ஊரார் பீர் காய்ச்சும் உரிமையைப் பெற்றது 1415-ஆம் ஆண்டில். அந்த உரிமை குறிப்பிட்ட வீடுகளோடு ஒட்டியது. காய்ச்சுசாலை எல்லார்க்கும் பொது. முறை வந்த குடும்பத்தார் முளை கட்டி உலர்த்திய பார்லியைக் கொண்டு வருவர். விறகு அடுப்பில் பெரிய கொப்பரையில் அதைக் கொதிக்க வைப்பர். ஹாப் என்னும் கசப்புப் பூவைச் சேர்ப்பர். ஆறிய சாற்றைத் தத்தம் வீட்டு நிலவறைக்கு எடுத்துச் சென்று புளிக்க விடுவர். கொப்பரையைப் பயன்படுத்தியதற்காகப் பொதுப் பணத்தில் ஒரு தொகை செலுத்துவர். அந்தப் பணத்தில்தான் சாலையைப் பழுது பார்ப்பது.

பீர் பக்குவமானதும் அந்த வீட்டு வாசலில் ஆறு முனை விண்மீன் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். ‘இவ்வீட்டில் இன்று பீர் உண்டு’ என்பது பொருள். நம் ஊரில் மாவிலைத் தோரணம் கண்டால் விசேஷம் என்று தெரிந்துகொள்வது போல் ஊரார் தெரிந்துகொண்டு வருவர். அந்த வீட்டில் தீர்ந்தால் விண்மீன் இறங்கும். வேறொரு வீட்டில் ஏறும். இப்பீருக்குச் சோய்கல் என்று பெயர்.

இதில் நாம் கண்ட நுட்பம் ஒன்று. அங்கே யாரும் ‘இலாபம் எதிர்பார்க்கப்படுகிறது’ என்று அறிக்கை அச்சிடவில்லை. பணம் போட்டவர், காய்ச்சுபவர், விற்பவர் ஆகிய எல்லாரும் ஒரே தெருவினர். கொப்பரையில் ஓட்டை விழுந்தால் எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

நண்பரின் அறிக்கை சோய்கலைச் சொல்லவில்லை. அது சொன்னது ஸ்காட்லாந்தில் 2007-ஆம் ஆண்டு இரு இளைஞர் தொடங்கிய புரூடாக் என்னும் ஆலையை. அவர்கள் 2009 முதல் பல தவணைகளில் பொதுமக்களுக்கே சிறு பங்குகளை விற்றார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர் வாங்கினர். கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும் சிறு தொழிலுக்கு, அதன் பீரை விரும்பிக் குடிப்பவரே முதல் கொடுத்தது புதுமைதான். ஆலை பெரிதாயிற்று. 2017-ஆம் ஆண்டில் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்று பெரும் பணத்தோடு உள்ளே வந்தது. அதற்குக் கொடுக்கப்பட்டவை முன்னுரிமைப் பங்குகள். கம்பெனி விற்கப்பட்டால் முன்னுரிமைக்காரர் பணம் முதலில் போகும். மிஞ்சியதில்தான் சிறு பங்குதாரர்க்குப் பங்கு. துண்டறிக்கை 2009-ஐச் சொல்லி 2017-ஐ விட்டுவிட்டது.

“அப்படியென்றால் நம்மைப் போன்றவர் கூடி எதையும் செய்யவே முடியாதா?” என்று கேட்டாள் மருமகள். அவள் வாசற்படியில் பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

முடியும். தமிழரே செய்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. அங்கும் முன்னாளில் தவறணைகள் குத்தகைக்காரர் கையில் இருந்தன. 1970-களில் சீவல் தொழிலாளரே உறுப்பினராகிச் சங்கங்கள் அமைத்தனர். சீவிய கள்ளைச் சங்கமே வாங்கியது, சங்கமே விற்றது. பனையில் கள் பெருகும் பருவத்தில் மிஞ்சியதை வீணாக்காமல் போத்தலில் அடைத்தனர். வடமராட்சியில் திக்கம் வடிசாலையில் சாராயமாக வடித்தனர். நம் பெரியப்பாவின் கள்ளும் அதே கள்தான். அளந்தவர் யார் என்பதில்தான் வேறுபாடு. போர்க் காலத்தில் அச்சங்கங்கள் பட்ட பாடு பெரிது. ஊர்கள் இடம் பெயர்ந்தன, மரங்கள் அழிந்தன. ஆயினும் சங்கம் என்னும் அமைப்பு அழியாமல் நின்றது.

இத்தீவுகளிலும் உதாரணம் உண்டு. கார் நிக்கோபாரில் தென்னந்தோப்பு தனி ஒருவருடையது அன்று. ‘துஹெத்’ எனப்படும் கூட்டுக் குடும்பத்துடையது. தென்னங்கள் அவர்கள் விருந்துகளில் உண்டு. அதற்கும் மேலாகக் கொப்பரைதான் அவர்கள் வாழ்வு. முன்பு வெளியார் வணிகர் கொப்பரையை வாங்கி, அரிசியும் துணியும் கொடுத்தனர். பின்னர் எல்லோன் ஹினெங்கோ என்னும் கூட்டுறவுச் சங்கத்தை நிக்கோபாரியர் நடத்தலாயினர். கொப்பரையும் பாக்கும் சங்கத்தின் வழியே சென்றன; வீட்டுக்கு வேண்டிய பொருள் சங்கத்தின் வழியே வந்தன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தோப்புகளை வாரிக்கொண்டு போயிற்று. ஒரு தென்னை வளர்ந்து காய்க்க ஆண்டுகள் பல ஆகும் என்பதை நேயர்கள் அறிவர். அத்தகைய இழப்பைத் தனி ஒரு வீடு தாங்காது.

கூட்டுறவு நம்மவர்க்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-ஆம் ஆண்டு திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் பதிவாயிற்று. அதே ஆண்டில் திருவல்லிக்கேணியில் நுகர்வோர் பண்டகசாலை தோன்றியது. இவற்றின் விதி ஒன்றே: எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் ஆளுக்கு ஒரே வாக்கு. கம்பெனியிலோ பங்குக்கு ஒரு வாக்கு. நூறு பங்கு உடையவர் முன் இருபது பங்கு உடையவரின் குரல் எடுபடாது. ‘மக்கள் முதலீடு’ என்று அச்சிட்டுவிட்டால் மட்டும் கம்பெனி கூட்டுறவாகிவிடாது.

இவ்வளவும் சொன்ன பின் நாம் அத்தானுக்கு ஒரு செய்தி சொன்னோம். அஃது அவருக்குப் புதிது. நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, தனியார் வரையறுக்கப்பட்ட கம்பெனி ஒன்று தன் பங்குகளை வாங்குமாறு பொதுமக்களை அழைக்கக் கூடாது. அதன் உறுப்பினர் தொகை, ஊழியர் நீங்கலாக, இருநூறுக்கு மிகக் கூடாது. பெயர் குறித்துத் தனித் தனியே சிலருக்குப் பங்கு கொடுக்கலாம்; அதற்கும் முறை உண்டு. விளம்பரம் செய்து கூப்பிடலாகாது. மேனாட்டில் ஊர் மக்களிடம் பங்கு திரட்டியதைப் போல் இங்கே துண்டறிக்கை அடித்துத் திரட்டுவது சட்டத்துக்கு ஒத்ததன்று. நண்பர் தீய எண்ணம் உடையவர் என்று நாம் சொல்லவில்லை. அவருக்கே தெரியாமல் இருக்கலாம். தெரியாதவர் கையில் பணம் கொடுப்பதும் தீமையில்தான் முடியும்.

வங்கியில் போடும் பணத்துக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை 2020 முதல் காப்பீடு உண்டு. பங்குக்கு அஃது இல்லை. பட்டியலில் ஏறாத கம்பெனிப் பங்கை அவசரத்துக்கு விற்கவும் முடியாது. ஆனி மாதம் கல்லூரியில் பணம் கட்ட வேண்டும் என்றால், சுவரில் உள்ள பெயர்ப் பலகையையா கொண்டு போய்க் கட்டுவது?

அத்தான் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “பீர் என்பதனால் வேண்டாம் என்கிறீரா, கணக்கினால் வேண்டாம் என்கிறீரா?” என்று கேட்டார்.

நேர்மையான விடை சொல்ல வேண்டிய இடம் இது. மதுவைப் பற்றி நம் வீட்டில் இரண்டு கருத்து இல்லை. பெரியப்பாவைக் கண்ட வீடு. பாட்டிலில் இலாபம் ஏற வேண்டுமானால் யாரோ ஒருவர் வீட்டில் செலவு ஏற வேண்டும். ஊரார் முதலீடு என்றால் அந்த யாரோ நம் அண்டை வீட்டாராகவும் இருக்கலாம். ஆயினும் யாழ்ப்பாணத்துச் சீவல் தொழிலாளரை நாம் குறை சொல்லத் துணியோம். தம் மரத்தின் பயனைத் தாமே அளந்துகொண்டவர் அவர். ஆகையால் நாம் சொன்னது இது: “அத்தான், குடிப்பதா வேண்டாமா என்பது உங்கள் மனச்சான்று. மகள் பணத்தைப் போடுவதா என்பது கணக்கு. கணக்குப்படி வேண்டாம்.”

தமக்கையார் அப்போதுதான் வாய் திறந்தார். “பதனீர்க் கலயத்தில் அம்மா தினமும் விரலை விட்டுப் பார்ப்பாளே, ஏன் தெரியுமா தம்பி? அப்பா சுண்ணாம்பு தடவவில்லை என்ற சந்தேகத்தால் அல்ல. தடவியது போதுமா என்று பார்க்க. அவரும் நல்லவர்தான், அந்த நண்பரும் நல்லவராகவே இருக்கட்டும். நான் விரலை விட்டுப் பார்க்க வழி இருக்கிறதா? அதைக் கேளுங்கள்” என்றார்.

நாம் இரண்டு இரவு படித்துச் சொன்னதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியற்காலை அத்தானுடன் கடற்காற்று வாங்கப் புறப்பட்டோம். பால் வாங்கி வருவோர், பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், பணிக்கு விரையும் தாய்மார் ஆகியோர் எதிர்ப்பட்டனர். தெருக்கோடித் தேநீர்க்கடையில் நின்றோம். அங்கே கரும்பலகையில் சீட்டுக்காரர் பெயர்கள் எழுதியிருந்தன. யார் எடுத்தது, யார் மிச்சம் என்பதும் இருந்தது. கடைக்காரர் தெலுங்கர், எழுதியது மலையாளி, எடுத்திருந்தவர் வங்காளி. சீட்டு என்றால் பதிவு பெற்றதா என்று கேட்பது நம் வழக்கம். 1982-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. கேட்டோம். கடைக்காரர், “பத்துப் பேர், மாதம் ஐந்நூறு, எல்லாரும் இந்தத் தெரு. பலகையைப் பாருங்கள் ஐயா, அதுதான் பதிவு” என்றார். சட்டம் அதை ஒப்பாது, நாமும் ஒப்பவில்லை. ஆனால் எல்லாருடைய கணக்கும் எல்லாருடைய கண் முன் இருந்தது என்பதை மறுக்க முடியவில்லை. அத்தானும் அப்பலகையைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தார்.

வீடு திரும்பியதும் நண்பருக்குக் கடிதம் எழுதுவது என்று முடிவாயிற்று. அத்தான் சொல்ல, மருமகள் எழுதினாள். ஐந்து கேள்விகள்:

ஒன்று, அமைப்பது கம்பெனியா, கூட்டுறவா? பதிவு எண் என்ன?

இரண்டு, எங்கள் பணத்துக்கு முன் யாருடைய பணம் திரும்பும்? முன்னுரிமைப் பங்கு யாருக்கேனும் உண்டா?

மூன்று, ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்பவர் யார்? அதை எங்களுக்கு அனுப்புவீர்களா?

நான்கு, மூன்றாம் ஆண்டில் பணம் வேண்டுமென்றால் எங்கள் பங்கை வாங்குபவர் யார், என்ன விலைக்கு?

ஐந்து, ஆலைக்கு வேண்டிய உரிமம் கைக்கு வந்ததா, வரப்போகிறதா?

எழுதி முடித்ததும், “ஆறாவது ஒன்று எழுதட்டுமா?” என்று கேட்டாள் மருமகள். என்னவென்று கேட்டோம். “கையெழுத்துப் போடும் இடத்தில் அம்மா பெயருக்கும் இடம் உண்டா என்று.” அத்தான் சிரித்துக்கொண்டே எழுதச் சொன்னார். சிரிப்பில் சிறிது நாணமும் இருந்தது.

இரண்டு லட்சம் வங்கியில் மகள் பெயரில் வைப்புத் தொகையாயிற்று. வட்டி குறைவுதான். ஆனால் ஆனி மாதத்தில் அந்தப் பணம் அங்கே இருக்கும்.

நாம் கப்பலேறும் நாள் வரை நண்பரிடமிருந்து மறுமொழி வரவில்லை. வந்தால் நன்று, ஐந்துக்கும் நேரான விடை இருந்தால் அத்தான் தம் சொந்தச் சேமிப்பில் ஒரு பங்கு வாங்குவார், அதில் நமக்கும் தடையில்லை. விடுமுறை முடிந்து நாம் நம் நிலையத்துக்குத் திரும்பிவிட்டோம். மேசை மேல் இரயில்வே ஊழியர் கூட்டுறவுச் சிக்கனச் சங்கத்தின் ஆண்டறிக்கை காத்திருந்தது. பல ஆண்டுகளாக நம் ஊதியத்தில் மாதந்தோறும் பிடித்தம் செய்யும் சங்கம். அதன் வரவு செலவுப் பக்கத்தை இதுவரை ஒருமுறையும் நாம் திறந்து பார்த்ததில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். இம்முறை முதல் பக்கத்திலிருந்து படித்தோம். பொதுக்குழுக் கூட்டம் வரும் மாதம். போக வேண்டும்.